குளிர்காலப் பெற்றோலுக்கு ஒரு போத்தல் மருந்து

என் மனைவியின் தம்பிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவனைப் பிடிக்காது. இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பகையை இருவரும் மிகுந்த மரியாதையோடு நடத்தி வருகிறோம். அவன் என்னைத் திட்டுவதென்றாலும் "அத்தான், நீங்கள்" என்றுதான் தொடங்குவான். நானும் "மச்சான்" என்று கூப்பிட்ட பிறகுதான் குத்துவேன். கலியாணவீடு, செத்தவீடு எதற்குப் போனாலும் எங்களை ஒரே மேசையில் இருத்திவிடுவார்கள். சாப்பாடு வரும்வரை மற்றவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே.

டுசல்டோர்ஃபில் அவன் குடியிருக்கும் வீட்டின் பின்முற்றத்தில் வரிசையாகக் கராஜ்கள் இருக்கின்றன. கடைசிக் கராஜ் அவனுடைய வாடகையில் இருந்தது. இடது பக்கம் அவனுடைய மோட்டார்சைக்கிள், வலது மூலையில் என்னுடையது. என்னுடையது பழைய வண்டி. குணத்தில் என்னைப் போல: சத்தம் அதிகம், இழுவை குறைவு. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் முடியும்வரைதான் தெருவில் ஓடலாம் என்று அதன் எண் பலகையிலேயே பொறித்திருக்கிறது. மிச்ச மாதங்களில் அது எங்காவது ஒதுங்கி நிற்கவேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அதற்கு இடமில்லை. மனைவியும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "மழைக்க நிண்டு கறள் பிடிக்கிறதெண்டால் வித்துப்போடுங்கோ. பிறகு அதைப் பாத்துப் பாத்து நீங்கள் விடுற மூச்சை என்னால கேக்க ஏலாது."

ஆகவே அந்த வலது மூலைதான் என் வண்டிக்கு உயிர். அந்த மூலையில்தான் அவன் கண்ணும் விழுந்தது.

"அத்தான், நான் பெரிய பிரீசர் ஒண்டு வாங்கப்போறன். முழு ஆட்டையும் வெட்டி வைக்கலாம். உங்கட சாமான் நிக்கிற இடம் எனக்குத் தேவைப்படுது."

முப்பது வருடமாக நான் துடைத்துத் துடைத்து ஓட்டும் வண்டிக்கு அவன் வைத்த பெயர் சாமான்.

அது ஒக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. நான் வண்டியின் தாங்கி நிறையப் பெற்றோலும், கையில் ஒரு சின்னப் போத்தலுமாக அங்கே போயிருந்தேன். என்னைத் திரும்பக் கூட்டிப்போவதற்காக மனைவி காரில் பின்னால் வந்திருந்தாள். போத்தலின் மூடியைத் திறந்து தாங்கிக்குள் ஊற்றும்போது அவன் மூக்கைச் சுருக்கினான்.

"இதென்ன அத்தான்?"

"பெற்றோல் கெட்டுப்போகாமல் இருக்கிறதுக்கு மருந்து."

"பெற்றோல் கெடுமோ? அதென்ன பாலோ?"

இந்தக் கேள்விக்காக நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். வேலையால் வந்து சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்து அத்தனை வீடியோவும் பார்த்திருந்தேன். குளிர்காலம் முழுக்க அசையாமல் நிற்கும் பெற்றோல் மெல்ல மெல்லப் பிசுபிசுத்துக் காபுரேற்றரின் மயிரிழைத் துளைகளை அடைக்கும் என்பதை விளக்கினேன். தாங்கியை விளிம்புவரை நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் மிச்ச இடத்தில் காற்று நிற்கும், காற்றில் ஈரம், ஈரத்தில் கறள் என்றேன். மருந்து ஊற்றிய பிறகு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், அப்போதுதான் மருந்து காபுரேற்றர்வரை இறங்கும் என்றும் சொன்னேன். பேராசிரியர்கூட இவ்வளவு நேரம் பேசியிருக்கமாட்டார்.

அவன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "அத்தான், நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்."

அது உண்மை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடவில்லை. இருந்த கொஞ்சத்தை மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருப்போம். காபுரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் எழும்பும். பிறகு மண்ணெண்ணெயில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் மோட்டார்சைக்கிள் பழகியவனுக்கு, ஓடாத வண்டியில் நிறைந்த தாங்கி என்பது பொறுக்கமுடியாத காட்சி. அவன் ஒவ்வொரு ஒக்டோபரிலும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தன் வண்டியின் பெற்றோலைக் கடைசிச் சொட்டுவரை இறக்கிக் காருக்குள் ஊற்றிவிடுவான். நானும் அதே ஊர்தானே. அன்று காலை பெற்றோல் நிலையத்தில், தாங்கி பாதி நிறைந்ததும் என் கை தானாகவே நின்றுவிட்டது. இது போதும், எங்கே போகப்போகிறாய் என்று அந்தக் கை என்னைக் கேட்டது. வீடியோவை நினைத்துக்கொண்டு பம்பின் பிடியை மீண்டும் அமத்தினேன்.

"வெறும் தாங்கியில என்ன கெடும்?" என்றான் அவன். "காத்தோ?"

"காத்து நிண்டால் கறள் பிடிக்கும் மச்சான். நம்பாட்டி உன்ர தலைக்குள்ள பார்."

மனைவி காருக்குள் இருந்து இறங்கிவிட்டாள். அவள் இறங்கினால் விஷயம் முடிவுக்கு வரவேண்டும் என்று அர்த்தம்.

"சரி அத்தான்," என்றான். "ஏப்ரல்ல வருவம். உங்கட சாமான் ஒரே அமத்தில ஸ்ராட் வந்தால் மூலை உங்களுக்கு. வராட்டி பிரீசருக்கு."

"ஓம். ஒரே அமத்து."

"ரெண்டு பேரும் சொன்னது எனக்குக் கேட்டது," என்றாள் மனைவி. "பிறகு ஒருத்தரும் கதை மாத்திறேல்லை."

வண்டியை முற்றத்துக்கு உருட்டி எஞ்சினை ஓடவிட்டேன். இரண்டாம் மாடி ஜன்னல் உடனே திறந்தது. அங்கே ஒரு கிழவர் இருக்கிறார். ஜன்னல் திறப்பதற்காகவே ஓய்வூதியம் வாங்குபவர்.

"மோட்டோர் அவுஸ்!" எஞ்சினை நிறுத்தட்டாம்.

மருந்து இறங்கவேண்டும் என்று போத்தலைத் தூக்கிக் காட்டினேன். டாக்டரிடம் போகவும் வரிக் கந்தோரில் கெஞ்சவும் என் ஜெர்மன் போதும். பெற்றோல் பாதுகாப்பை இரண்டாம் மாடிக்கு விளக்க அது போதாது. அவருக்கு நான் முற்றத்தில் நின்று குடிக்கிறேன் என்றுதான் விளங்கியிருக்கும். அப்போது மச்சான் தன் அழகான ஜெர்மனில் மேலே பார்த்துச் சொன்னான், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, இந்த மனிதருக்கு நானும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன் என்று. குப்பை வாளி விஷயத்தில் அவனும் கிழவரும் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. என்னால் சேர்ந்துவிட்டார்கள். நான் அசையவில்லை. இரண்டு மொழியில் ஏச்சு வாங்கிக்கொண்டு, மருந்து இறங்கி முடியும்வரை ஓடவிட்டேன்.

குளிர்காலத்தில் ஒருமுறை வண்டியைப் பார்க்கப் போனேன். அவன் நிலத்தில் வெள்ளைச் சோக்கால் ஒரு நீள்சதுரம் கீறி வைத்திருந்தான். பிரீசரின் அளவு. என் வண்டி அந்தக் கோட்டுக்குள், பொலிஸ்காரர் அடையாளம் போட்ட பிரேதம் மாதிரி நின்றது.

"மருந்து வேலை செய்யுதோ அத்தான்? காய்ச்சல் குறைஞ்சுதோ?"

"நீ ஆட்டுக்குச் சொல்லி வைக்காதை," என்றேன். "அது வீணாச் சாகும்."

ஏப்ரல் வந்தது. முற்றத்தில் நான், மனைவி, அவன். மேலே ஜன்னலில் கிழவர். அவரும் விஷயத்தை அறிந்திருந்தார்.

அவன் முதலில் தன் வண்டியைக் காட்டுகிறேன் என்றான். கானில் கொண்டுவந்த பெற்றோலை ஊற்றிக் குழாயைத் திறந்தான். மாதக்கணக்காக ஈரமே காணாத ரப்பர் வளையங்கள் சுருங்கிப் போயிருந்தன. பெற்றோல் காபுரேற்றரின் அடியால் ஒழுகி அவனுடைய புதுச் சப்பாத்தில் விழுந்தது. நான் சிரித்தேன். வாய்விட்டு, ஆசைதீரச் சிரித்தேன். அவன் உதைத்தான், திரும்ப உதைத்தான். ஒழுகிக்கொண்டே, இருமிக்கொண்டே, அந்தச் சனியன் எழும்பிவிட்டது.

பிறகு என் முறை. சாவியைத் திருப்பினேன். மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஸ்ராட் பொத்தானை அமத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். முன்விளக்கு, எண்ணெய் வற்றிய விளக்குப்போல் ஒருதரம் சிவந்து அணைந்தது. திரும்பவும் அமத்தினேன். இந்த முறை அந்த டிக்கும் இல்லை.

பற்றரி. குளிர்காலம் முழுக்க அதைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். ஊரில் எங்களுக்கு மோட்டார்சைக்கிளில் பற்றரி என்றொன்று இருந்ததாகவே நினைவில்லை. இருந்ததையும் கழற்றி ரேடியோவுக்குப் பூட்டிச் செய்தி கேட்டோம். வண்டி உதைக்க எழும்பியது. எங்கள் காலத்து ஆட்களைப் பொறுத்தவரை மோட்டார்சைக்கிளின் உயிர் பெற்றோலில் இருக்கிறது. ஆனால் என் வண்டிக்கு உதைக்கிற கம்பியே கிடையாது. நான் பார்த்த வீடியோ ஒவ்வொன்றிலும் பெற்றோல் முடிந்ததும் பற்றரியைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த இடம் வந்ததும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன். அது எனக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று நினைத்தேன்.

"பெற்றோலில பிழையில்லை," என்றேன். "இது பற்றரி."

"பந்தயம் பெற்றோலுக்கில்லை அத்தான். ஒரு அமத்துக்கு."

மனைவியைப் பார்த்தேன். "தம்பி சொல்லுறது சரி," என்றாள். அவள் முகத்தில் கவலை இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசை.

காரில் இருந்து வயர் போட்டுப் பற்றரிக்கு உயிர் கொடுத்தோம். தொட்டதும் ஸ்ராட். ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. நேற்றுத்தான் நிறுத்தியதுபோல அவ்வளவு சுத்தமான சத்தம். மருந்து தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. நான் சொன்னது அத்தனையும் சரி என்று ஊருக்கே கேட்கும்படி முழங்கிக்கொண்டு, என் வண்டி அந்தக் கராஜை விட்டு வெளியேறியது. மேலே ஜன்னல், "மோட்டோர் அவுஸ்!" என்றது. திரும்பிப் பார்த்தபோது மச்சான் என் மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

வண்டியை விற்கவில்லை. மனைவியிடம் கெஞ்சியதைவிட அதிகமாக முதலாளியிடம் கெஞ்சினேன். நான் வேலை செய்யும் வெதுப்பகத்துக்குப் பின்னால் உள்ள கொட்டிலில், மாவுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்க அதற்கு அனுமதி கிடைத்தது. குளிர்காலம் தொடங்கினால் பற்றரி எங்கள் வீட்டு நடையில் அரிசி மூட்டைக்கு அருகே சார்ஜரோடு இருக்கும். மனைவி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "இவருக்கும் ஒரு கோப்பை போடவோ?" என்று கேட்பாள்.

போன ஒக்டோபரில் மச்சான் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். மழையைப் பற்றிப் பேசினான். எங்களுக்குள் மழையைப் பற்றியெல்லாம் பேச்சு நடப்பதில்லை, ஆகவே நான் உஷாரானேன். ரப்பர் வளையங்கள், தாங்கிக்குள் பிடித்த கறள் என்று அவனுடைய வண்டி அந்தக் கோடையில் பாதியைத் திருத்துமிடத்தில் கழித்தது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"அத்தான்," என்றான் கடைசியில். "அந்த மருந்து மிச்சம் ஏதும் கிடக்கோ?"

"முடிஞ்சுது."

அவன் என் தோளுக்கு மேலால் பின்னால் இருந்த சுவர்த்தட்டைப் பார்த்தான். "அந்தா நிக்குது."

"அது காலிப் போத்தல்."

"காலிப் போத்தலை ஏன் வைச்சிருக்கிறியள்?"

"ஞாபகத்துக்கு."

அவன் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினான். கதவடியில் சப்பாத்துப் போடும்போது எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நல்ல யோசனையாவது சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன்.

"மச்சான், ஆட்டை வெளியால எடுத்துப்போட்டு மோட்டார்சைக்கிளைப் பிரீசருக்குள்ள வை," என்றேன். "பெற்றோல் கெடாது."