தீபாவளிக்கு வாங்கிய வீடியோ

என்னைத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை காட்டினார்கள். எங்கள் வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத எதிர்வீட்டுச் சீனக் கிழவர்கூடப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை என்னைக் கண்டதும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பார்க்காதவள் நான் ஒருத்திதான். ஏன் என்று கேட்டவர்களிடம் இத்தனை காலமும் கூரைமேல் இருந்த டிவி ஏரியல் சரியில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஏரியல் நன்றாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ஈப்போவில் சரக்கு ஏற்றினால் ஒருநாள் லூமுட், ஒருநாள் தஞ்சோங் மாலிம் என்று போய்க்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்கு முன்பு நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். தோட்டத்துக் கோயில் பஜனையில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது நான்தான். ஈப்போவுக்கு வந்த பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. வீட்டுப் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் சேர்ந்து பாடுவோம். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. குரல் இருந்தது, கூச்சம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் குழுவைத் தொலைக்காட்சி நிலையத்தின் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாடக் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்து, பஸ் பிடித்துப் போனோம். பாட்டு எல்லாரும் சேர்ந்து பாடுவது. ஆனால் ஒத்திகையில் அங்கே பொறுப்பாக இருந்தவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, நடுச் சரணத்தை நான் மட்டும் தனியாகப் பாடட்டும் என்றார். மற்ற பெண்களின் முகம் கொஞ்சம் சுருங்கிப் போயிற்று. பாவம், அவர்களும் அதே சேலைதானே கட்டியிருந்தார்கள். நான் பாடினேன். கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், பார்த்தால்தானே சொல்வதற்கு.

அது ஒளிபரப்பாகும் தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான். அது வரும்போது டேப்பில் பிடித்து வைக்க வேண்டும், நான் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் தீபாவளி அன்று இந்த நாட்டில் எந்த வீட்டுப் பெண்ணும் டிவி முன்னால் உட்கார முடியாது. காலையிலிருந்து வாசல் கதவைத் திறந்தே போட்டிருப்போம். மலாய்க்காரர், சீனர், பக்கத்துத் தெரு, பழைய தோட்டத்து ஆட்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது. அன்றைக்கு வரும் சிறப்பு நிகழ்ச்சியையெல்லாம் விருந்தாளிகள் பார்ப்பார்கள், நாங்கள் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்போம்.

"வீடியோ ஒன்னு வாங்கிரலாம்லா. நாமளே பிடிச்சு வச்சுக்கலாம்," என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் கேட்கக்கூட இல்லை. கையில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தோம். எங்கள் வரிசையில் அப்போது யாரிடமும் வீடியோ மெஷின் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடியோ வாங்குவதென்றால் அப்போது முதல் கேள்வி, சின்ன டேப்பா பெரிய டேப்பா என்பது. சின்ன டேப்பில் படம் தெளிவாக இருக்கும் என்று ஒரு கட்சி. பெரிய டேப்பில்தான் முழுப்படமும் அடங்கும் என்று இன்னொரு கட்சி. தொழிற்சாலையில் இதற்காகவே சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடக்கும். நாங்கள் படம் வாடகைக்கு எடுக்க நினைத்த கடையில் பெரிய டேப்தான் அடுக்கி வைத்திருந்தார்கள், அதனால் அந்தக் கேள்வி முடிந்தது. இரண்டாவது கேள்வியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். லாரி டிப்போவில் கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்துவிட்டு வந்து, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் விளக்கினார்.

"வீடியோவுல ரெண்டு மாதிரி இருக்கு. ஒன்னுல டியூனர் இருக்கும். டிவிக்குள்ள இருக்கில்ல, அதே மாதிரி. அது இருந்தாத்தான் ஸ்டேஷன இழுத்து டேப்புல ஏத்தும். இன்னொன்னு வெறும் பிளேயர். கடையில எடுக்குற படத்த மட்டும்தான் ஓட்டும். நமக்கு டியூனர் உள்ளதுதான் வேணும்."

இவ்வளவு தெளிவாக அவர் வேறு எதையும் எனக்கு விளக்கியதில்லை. அன்று அந்த அக்கறையை நினைத்து மனம் குளிர்ந்து போனேன்.

டவுனில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், வானொலிப் பெட்டி விற்ற காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். டிவியில் வருவதைப் பிடிக்க வேண்டும், தீபாவளிக்குள் வேண்டும் என்றேன். அவர் ஒரு மெஷினைக் காட்டினார். மேல்மூடியை அழுத்தியதும் டேப் வைக்கும் இடம் மெல்ல எழுந்து வந்தது. பக்கத்தில் ஸ்டேஷன் பிடிக்க வரிசையாகச் சின்னச் சின்னத் திருகுகள். எனக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர்தான் அவசரப்படாதே, இன்னொரு கடையிலும் பார்க்கலாம் என்றார். இன்னொரு கடையிலும் பார்த்தோம். கடைசியில் முதல் கடையே நல்லது என்று முடிவானபோது எனக்குப் பிற்பகல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"லாரி அந்தப் பக்கம்தான் போகுது. நானே எடுத்துட்டு வாரேன்," என்றார்.

நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டி டிவிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. கடையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. திருகுகளைக் காணோம். கேட்டேன்.

"இது புது மாடல்லா. எல்லாம் உள்ளுக்கே இருக்கு."

"டியூனர் இருக்குல்ல?"

"இல்லாம வாங்குவனா? ஒனக்காகத்தான வாங்குனது. நீ தொடாத, கெட்டுப் போயிரும். நான் பாத்துக்கறேன்."

ஏரியல் வயர் அதன் பின்னால் செருகியிருந்தது. அங்கிருந்து இன்னொரு வயர் டிவிக்குப் போயிற்று. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

தீபாவளி அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆள். டிப்போ நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகிறது என்றதும் அவர் என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே புது டேப்பைப் பிரித்து உள்ளே போட்டார். மெஷின் லேசாக முனகியது. "பிடிக்க ஆரம்பிச்சிருச்சு," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசலில் இன்னொரு கூட்டம் வந்து செருப்பைக் கழற்றியது. கோழிக்கறி தீர்ந்து சட்டியின் அடிக்குப் போயிருந்தது, வடை போட வேண்டும். "இந்தா, எல்லாருக்கும் சர்பத் தண்ணி கலக்கு," என்றார் அவர். நான் அடுப்படிக்குப் போனேன். வடையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது எங்கள் பாட்டு கேட்டது. பிறகு என் குரல் மட்டும் தனியாக வந்தது. எண்ணெய்ச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. கூடத்தில் யாரோ, "ஏய், நம்ம அக்காலா," என்றார்கள். அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்திருக்கலாம். பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறது, நாளைக்குக் காலையில் பசியாறிவிட்டு ஆற அமரப் பார்க்கலாம் என்று வடையைத் திருப்பினேன்.

மறுநாள் பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். அவர் டேப்பைப் போட்டார். திரை முழுக்க வெள்ளையும் கறுப்புமாக எறும்பு ஊர்ந்தது. டேப் முடிகிற வரை எறும்புதான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மலை மறைக்குதுலா," என்றார். ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுண்ணாம்பு மலை நிற்கும், எதற்கு வேண்டுமானாலும் அதைக் குற்றம் சொல்லலாம். டிவியில் நன்றாகத் தெரிந்ததே என்றேன். டிவிக்குப் போகும் வலு வீடியோவுக்கு வரவில்லை என்றார். நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஊரெல்லாம் என்னைப் பற்றி எனக்கே சொல்ல ஆரம்பித்தது. ஒருத்தி நான் சிரித்துக்கொண்டே பாடினேன் என்றாள். இன்னொருத்தி, இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன் என்றாள். பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்ததாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நிலையத்தில் போய் இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்க எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்?

நான் விடுகிறவள் இல்லை. இதுதான் போயிற்று, அடுத்த வருடம் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், அதற்குள் இந்த ஏரியலைச் சரி பண்ணியாக வேண்டும் என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரைமேல் ஏறினார். தகரம் சுட்டுப் பொசுக்குகிற வெயில். மேலேயிருந்து கம்பத்தைத் திருப்பி, "இப்ப?" என்பார். நான் உள்ளே ஓடி, வீடியோவில் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "இல்லங்க," என்பேன். "இப்ப?" மறுபடி ஓடுவேன். எதிர்வீட்டுக் கிழவர்கூட வெளியே வந்து, கையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டி உதவி செய்தார். கடைசியில் சட்டையெல்லாம் நனைந்து இறங்கி வந்தவருக்கு நான் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன்.

வாடகைப் படங்கள் மட்டும் அழகாக ஓடின. சனிக்கிழமையானால் வரிசையே எங்கள் கூடத்தில்தான் இருக்கும். சில மாதம் கழித்து அந்தப் படங்களிலும் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. அவர் லூமுட் போயிருந்தார். தொடாதே என்று சொன்னதை மீறி, மெஷினைத் துண்டில் சுற்றிப் சந்தைக்குக் கொண்டு போகும் பாசார் கூடையில் வைத்து, பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் உள்ளே துடைத்தார். அப்படியே டிவியைப் பிடிக்காமல் இருப்பதையும் பார்த்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது பிளேயராச்சே. இதுல டியூனரே கெடையாதும்மா."

"மாத்திக் குடுத்துட்டிங்களா அண்ணே?"

"நான் ஏன் மாத்துறேன்? நீங்க கேட்டதத்தான் மொதல்ல எடுத்து வச்சேன். ஒங்க வீட்டுக்காரர்தான் வேணாம்னாரு. டிவில வர்றதப் பிடிக்காத மெஷின் எது, அதக் குடுங்கன்னாரு. வெல பாக்குறாரோன்னு நெனச்சு, கொறச்சுத் தாரேன்னுகூடச் சொன்னேன். அப்பவும் வேணாம்னுட்டாரு. எல்லாரும் பிடிக்குமான்னுதான் கேப்பாங்க. பிடிக்காததா வேணும்னு கேட்ட ஆள் அவர் ஒருத்தர்தான். அதான் மறக்கல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். துடைத்ததற்குக் காசு வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆண்கள் சொல்லாத பொய்யா. அந்தக் கூரைதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றுமே வராது என்று தெரிந்துகொண்டே வெயிலில் நின்று, "இப்ப? இப்ப?" என்று கேட்டிருக்கிறார். நானும் பைத்தியக்காரி மாதிரி உள்ளுக்கும் வெளிக்கும் ஓடியிருக்கிறேன். என் அழுகைக்கு முதுகு தடவிய கையும் அதே கைதான்.

மறுநாள் மதியம் வந்தார். கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். பிறகு எதிரில் உட்கார்ந்தேன்.

"டிவியப் பிடிக்காத மெஷின் எதுன்னு கேட்டு வாங்குனிங்களாமே."

கை சோற்றிலேயே நின்றது. மலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"டிப்போல வீடியோ வாங்கப் போறேன்னு சொன்னதுமே ஆரம்பிச்சிட்டானுங்க," என்றார். "டேப் எடுத்து வைலா மச்சான், வந்து போட்டுப் போட்டுப் பாக்கறோம்னு. ஒரு தடவ டிவில வந்துட்டுப் போனா சரி. வீட்டுல வச்சுக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் ஒன்னயப் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கவா?"

"நான் பாக்க வேணாமா? நான் ஒருத்தி பாத்துட்டு அழிச்சிருப்பேனே."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"போகவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்," என்றேன். "நான் மோசமாப் பாடி மானத்த வாங்கிருவேன்னு பயந்திங்களா?"

"மோசமாப் பாடியிருந்தா பிடிச்சே வச்சிருப்பேன்லா. அத யாரு ரெண்டாந்தடவ கேக்கப் போறா," என்றார், தட்டைப் பார்த்தபடியே. "நீ வீட்டுல பாடிப் பழகுறப்பவே தெரிஞ்சிருச்சு. நல்லாத்தான் பாடுற. அதான்."

கல்யாணமான நாளிலிருந்து என் பாட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்திருந்தவள் நான். அது அன்றைக்கு வந்தது, எனக்குச் செய்த துரோகத்துக்குக் காரணமாக.