பக்கிரிசாமி தூக்கிய கை

பக்கிரிசாமி கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அண்டா நிறையச் சாம்பார் வைக்கச் சொன்னால் வைப்பார். பேசச் சொன்னால் நழுவிவிடுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அவருடைய சங்கம் சோறு போடும் தண்ணீர்ப் பந்தலில் பதினோரு வருடமாக அவர்தான் தலைமைச் சமையல். அப்படிப்பட்ட மனுஷன் எண்பத்தெட்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகலில், சங்கத்தையே கதிகலங்க அடித்தார்!

விஷயம் இதுதான். சங்கத் தலைவர் தியாகராஜா, ஓய்வுபெற்ற பெரிய கிளார்க், பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்துச் சமயம் பேசினார். பேசியவர் அதோடு விட்டாரா? ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பாவம், நம் சமயம் அதை ஏற்காது என்று போட்டு உடைத்தார். பாதித் தலைகள் பக்கிரிசாமி பக்கம் திரும்பின. அவரும் லாரி ஓட்டும் ஜெயராஜும் பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும், 'கூட்டாளிங்க', வெறும் சிநேகிதர்கள், என்று சொல்லி எல்லோரும் நாசூக்காகக் கடந்து போவார்கள்.

செயலாளர் சந்திரிகாவுக்கு வந்ததே கோபம்! தலைவரை நீக்கியே ஆகவேண்டும் என்று சிறப்புக் கூட்டம் போட்டுவிட்டாள்.

அந்தச் சங்கத்தில் ஓட்டென்றால் கை தூக்குவதுதான். நீக்கச் சொல்லிப் பத்தொன்பது கை. அதில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது ஜெயராஜின் கை. இருக்கட்டும் என்றும் பத்தொன்பது. தூக்காத கை ஒன்றே ஒன்று.

"பக்கிரி அண்ணே, நீங்க சொல்லுங்கலா!" என்றாள் சந்திரிகா.

பக்கிரிசாமி யோசித்தார். எந்தப் பக்கம் தூக்கினாலும் ஊர் தன்னையும் ஜெயராஜையும்தான் பேசும். எழுந்தார்.

"ஐயா இருக்கட்டும்," என்று கையை உயர்த்தினார்.

மண்டபம் கொதித்தது. "என்னாண்ணே, பைத்தியமா!" என்று சந்திரிகா கத்தினாள். தியாகராஜாவுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்ர தயவு எனக்கு வேண்டாம். நான் சொன்னதை மாத்த ஏலாது!"

"மாத்த வேணாங்கய்யா. பந்தல நல்லா நடத்துறீங்க, அதுக்குத்தான் இது. எழுவத்தஞ்சுல பட்டர்வொர்த்துல ஒரு சாப்பாட்டுக் கடையில என்னை வேலைய விட்டு நிப்பாட்டுனாங்க. சமையல்ல குத்தமில்ல. ஜெயராஜோட இருக்கேன்னு நிப்பாட்டுனாங்க. அந்தப் பாடு எனக்குத் தெரியும், இன்னொருத்தருக்கு வேணாம்."

நிறுத்துவார் என்று பார்த்தால், எங்கே!

"ஆனா ஒண்ணுங்கய்யா. நாங்க கூட்டாளிங்க இல்ல. ஜெயராஜும் நானும் குடும்பம் நடத்துறோம். அது பாவம்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. மைக்குல வேணாம்."

தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஜெயராஜ் பொரிந்து தள்ளினார். "அந்தாளுக்குப் பதவியக் காப்பாத்திக் குடுத்துட்டு வர்றியே, உனக்கு மூளை இருக்கா? நாளைக்கு மறுபடியும் மேடையேறிப் பேசுவான், பாத்துக்க!"

பேசட்டும் போ! பக்கிரிசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மோட்டார் சைக்கிள் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்த ஜெயராஜ், சாவியைப் போடாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அத்தன பேரு முன்னால என் பேரைச் சொன்னியே," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."