ஆளுக்கு ஒரு அடி

முகத்துக்கு நேரே சந்தைக்கே அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் ஒரேவெட்டு. ஒரு கோழியின் கழுத்தில் அவள் இரண்டாம் தடவை கத்தி வைத்து யாரும் பார்த்ததில்லை. பேச்சும் அப்படித்தான். பேரம் பேச வாயெடுத்தவர்கள் பாதியிலேயே பையை நீட்டிவிடுவார்கள்.

சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷன் எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவன். ஒருநாள் ஓங்கின கையை அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியிலேயே அவனை வாசல் வரை நடத்திக்கொண்டு போய், வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அது அவன் வீடு என்பது சாத்தின பிறகுதான் ஞாபகம் வந்தது. பின்கட்டு வழியாக இறங்கி வந்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு கூட இருந்தது ஒரு தம்பி. சந்தைக் கோழிக்கடையில் கூலிக்கு இறகு பிடுங்கி, பிறகு குடல் எடுத்து, பிறகு கத்தி பிடித்து, கடைசியில் கடைக்காரர் படுக்கையில் விழுந்தபோது கடையையே எடுத்துக்கொண்டாள். தம்பிக்கு மீசை நரைக்கத் தொடங்கியும் தராசுக்குப் பின்னால் நின்று அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

அந்தச் சந்தைக்கு ஒரு முறை இருந்தது. திருடன் மாட்டினால் நடுத்தூணில் கட்டுவார்கள். வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு அடி. அதற்கு மேல் கூடாது. அடிக்காமல் நழுவுகிறவனை, "என்ன, உனக்கு மச்சான் முறையா?" என்று கேட்பார்கள். ஒருத்தன் ஆத்திரத்தை ஒருத்தனே தீர்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் நியாயமான ஏற்பாடு என்று சந்தைக்கு அதில் பெருமைகூட உண்டு.

பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனை அப்படித்தான் கட்டினார்கள். ஒரேவெட்டு தன் முறைக்குக் கத்தியின் பிடியால் தோளில் ஒன்று போட்டுவிட்டு வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டாள். வரிசை நீளம். அவிழ்த்தபோது ஆள் மடங்கி விழுந்தான். உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. கடைசியில் நின்ற ஏழெட்டுப் பேர் முறை தவறாமல் ஒரு பிணத்தை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து கடை கடையாகக் கேட்டார். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: "நான் ஒரு அடிதான் சார் அடிச்சேன்." யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு அடியில் மனுஷன் சாவானா? சாக மாட்டான். அப்படியானால் யார் கொன்றது? அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த பிணம் விழுந்தா சந்தைக்கே பூட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பூட்டுக்குப் பயந்துதான் கூட்டம் போட்டார்கள். வியாபாரிகள் சங்கச் செயலாளர் வெங்காயக்காரர். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், யாரையும் நீங்க வாங்க என்று பேசுகிறவர். ஏலத் திண்டின் மேல் "மனித உரிமைகளைப் பாதுகாப்போம்" என்று பேனர் கட்டியிருந்தார். மத்தியான மந்தத்தில் எல்லோரும் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பிடிபட்டவனும் மனுஷன்தான். அவனைக் கோர்ட்டுதான் தண்டிக்கணும். நாம தொடக்கூடாது" என்று ஆரம்பித்தார் வெங்காயக்காரர்.

"தொடாம எப்படிப் பிடிக்கிறது? கூப்பிட்டா வருவானா?" என்றார் டீக்கடைக்காரர். கூடைகள் குலுங்கின.

"திருடினவனுக்கு உரிமை இருக்குன்னா பறிகொடுத்தவனுக்கு என்னய்யா இருக்கு?"

"வேணும்னா அடியைக் குறைச்சுக்கலாம். ஆளுக்கு அரை அடி."

"தலையில அடிக்கக் கூடாதுன்னு வச்சுக்கலாமே?"

"நெஞ்சுலயும் வேணாம்."

"அப்புறம் எங்கதான்யா அடிக்கிறது, நிழல்லயா?"

பேச்சு, எங்கே அடிக்கலாம் என்று ஒரு உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போனது. ஒரேவெட்டுக்கு அந்தப் பேச்சு தன் கடையில் கேட்பது போலவே இருந்தது. அவள் எழுந்தாள்.

"எனக்கு உரிமை கிரிமை எல்லாம் தெரியாது. கோழிக்கே நான் ரெண்டாவது வெட்டுப் போடறதில்ல. ஒரு மனுஷனுக்கு இத்தனை பேர் சேர்ந்து அடி போட்டு, செத்தது தெரியாம அதுக்கு மேலயும் போட்டிருக்கோம். நானும்தான் போட்டேன். அசிங்கமா இல்ல?"

வெங்காயக்காரர் சந்தர்ப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அக்கா சொன்னது சரி. இனிமே மாட்டுறவனைத் தூணுல கட்ட வேணாம். போலீஸ் வர்ற வரைக்கும் அக்கா கடையில வைப்போம். அவங்க ஷட்டரைத் தாண்டி எவன் உள்ள போயிருவான்?"

கைதட்டல். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கைதட்டல் இனித்தது. "கொண்டுவாங்க பார்க்கலாம்" என்று கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாள் நன்றாகவே நடந்தது. பர்ஸ் அடித்த ஒருவனும், செருப்புத் திருடிய ஒருவனும் அவள் கடைக்கு வந்தார்கள். இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முக்காலியில் உட்காரவைத்து, கோழியின் இறகைப் பிடுங்கச் சொன்னாள். வாய் ஓயாமல் திட்டினாள். போலீஸ் வந்தபோது செருப்புத் திருடன் சாமியே நேரில் வந்தது போல எழுந்து கும்பிட்டான். "ஒரேவெட்டுகிட்ட மாட்டறதுக்கு ஜெயிலே மேல்" என்று டீக்கடைக்காரர் சந்தை முழுக்கப் பரப்பினார்.

பிறகு அந்த நாள் வந்தது. நல்ல வெயில். அவள் வெட்டுக்கட்டையில் ஒரு கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி டீ குடிக்கப் போயிருந்தான். தூரத்தில் ஒரு பெண் கத்தினாள். கத்தல் ஓட்டமானது, ஓட்டம் இரைச்சலானது. இரைச்சல் அவள் கடையைப் பார்த்து வந்தது. முன்னால் டீக்கடைக்காரர். சட்டையெல்லாம் ரத்தம். அவருடைய ரத்தம் இல்லை.

"அக்கா… சங்கிலி அறுத்துட்டு ஓடினவனைத் தம்பி மறிச்சான். வயித்துல குத்திட்டான் அக்கா. ஆட்டோவுல ஏத்தி அனுப்பியாச்சு."

"உயிர் இருக்கா?"

"போகும்போது இருந்துச்சு."

அவருக்குப் பின்னால், தலைமயிரைப் பிடித்து ஒருவனை இழுத்துவந்தார்கள். இருபதைத் தாண்டியிருக்க மாட்டான். உதடு கிழிந்து தொங்கியது. கூட்டம் அவனை அவள் காலடியில் போட்டது.

"முதல் அடி உங்களுது அக்கா. உங்க ரத்தத்தை எடுத்திருக்கான். அப்புறம் நாங்க பார்த்துக்கறோம்." சொன்னவர் வெங்காயக்காரர். கையில் மூட்டை நெம்பும் இரும்புக் கம்பி. அவர் கண்ணில் அன்று பேப்பர் படிக்கிற ஆள் இல்லை.

அவள் அவனைச் சட்டையோடு சேர்த்து உள்ளே இழுத்தாள். மறு கையால் ஷட்டரைப் பிடித்து இறக்கினாள். பாதுகாக்க இறக்கினாளா, பங்கு கொடுக்காமல் தானே தீர்க்க இறக்கினாளா என்று கேட்டால் அந்த நிமிஷம் அவளுக்கே தெரியாது.

உள்ளே இருட்டு. கூண்டுக்குள் கோழிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. அவன் தலையை வெட்டுக்கட்டையில் சாய்த்துக் கழுத்தை முழங்கையால் அழுத்தினாள். பாதி வெட்டின கோழியின் ரத்தத்தில் அவன் கன்னம் ஒட்டிக்கொண்டது. கத்தி அவள் தலைக்கு மேலே போயிற்று. கை பழகின கை. எங்கே இறங்கினால் ஒரே வெட்டு என்று அதற்குத் தெரியும்.

"அக்கா" என்றான் அவன். கூட்டத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்டுக் கூப்பிட்டான். அவன் காலடியில் ஈரம் பரவியது.

கத்தி இறங்கியது. காதுக்கு ஒரு விரல் தள்ளிக் கட்டையில் ஏறி நின்றது. அதோடு அவள் விடவில்லை. முடியைப் பிடித்துத் தூக்கி முழங்காலால் முகத்தில் இடித்தாள். மூக்கு நொறுங்கிய சத்தம் அவள் எலும்பிலேயே கேட்டது. கீழே விழுந்தவனின் விலாவில் மிதித்தாள். "என் தம்பிடா, என் தம்பிடா" என்று ஒவ்வொரு மிதிக்கும் சொன்னாள். அடி ஒன்றோடு நிற்கவில்லை. எண்ணுகிற நிலையிலும் அவள் இல்லை.

மூச்சு வாங்கி நின்றபோதுதான் வெளிச் சத்தம் காதில் விழுந்தது. ஷட்டரைத் தட்டினார்கள்.

"அக்கா, போதும்! எங்க பங்கை விடுங்க!"

"தம்பி பேரைச் சொல்லி ஆளுக்கு ஒண்ணு போடணும் அக்கா!"

"நீங்களே முடிச்சுட்டா எப்படி? பங்கு, பங்கு!"

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இதே குரல்கள் இதே ஷட்டருக்கு வெளியே நின்று தொடையும் ஈரலும் கேட்கும். அதே அவசரம், அதே உரிமை. யாருடைய வயிற்றைக் குத்தினதுக்கு யார் பங்கு கேட்கிறார்கள்? தம்பியையே துண்டு போட்டுத் தராசில் வைக்கச் சொல்வது போல இருந்தது அவளுக்கு. கோபம் அப்படியே அவர்கள் பக்கம் திரும்பியது, வண்டி திரும்புவது போல.

ஷட்டரின் அடியில் கம்பி நுழைந்தது. தகடு முனகிக்கொண்டு வளைந்தது. அவள் கூண்டைத் திறந்து அவனைக் காலால் உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாள். கோழிகள் அவன் மேல் ஏறி மிதித்தன. கட்டையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக் கூண்டுக்கு முன்னால் நின்றாள். கத்தியைப் பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாம் தினமும் முகம் பார்க்கிறவர்கள். கை பழகின கை, யோசிக்காமல் இறங்கிவிடும். கத்தியைத் தண்ணீர் டிரம்முக்குள் எறிந்தாள்.

ஷட்டர் பாதி ஏறியது. குனிந்து குனிந்து வந்தார்கள்.

"நகருங்க அக்கா."

"நகர மாட்டேன். போலீஸ் வரட்டும்."

"உங்க தம்பியையேதான குத்தினான்! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். வெளிய போங்கடா!"

யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் கூண்டுக் கம்பியைப் பின்கையால் பற்றிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று சொல்லி ஒருவன் அவள் இடுப்பில் உதைத்தான். முக்காலி ஒன்று முதுகில் வந்து உடைந்தது. "நகருங்க அக்கா, நகருங்க அக்கா" என்று மரியாதை குறையாமல் அடித்தார்கள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள், யாரோ கழுத்தை நெரித்தார்கள். ஒருத்தரும் இரண்டாவது அடி அடிக்கவில்லை. பழக்கம். கடைசியாக இரும்புக் கம்பி ஒன்று கூண்டைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் இறங்கியது.

பச்சை விறகு முறிவது போல ஒரு சத்தம். கோழிகளின் கூச்சலையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது. அவள் கத்தவில்லை. கை மட்டும் கூண்டை விட்டுக் கழன்று, வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தபோது கூண்டுக்குள் அவன் உயிரோடு இருந்தான். அவன் மூக்கை உடைத்தது நான்தான் என்று, அவர்கள் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

தம்பி பிழைத்தான். குடலைத் தைத்து, வயிற்றின் குறுக்கே நீளமாகத் தையல் போட்டிருந்தார்கள். கண் விழித்தவனிடம் டீக்கடைக்காரர் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டின தூளியில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்னைக் குத்தினவனுக்கு நீ குறுக்க நின்னியா?" என்று சுவரைப் பார்த்தே ஒருதடவை கேட்டான்.

"ஆமா."

"ஏன்?"

"உன் பேரைச் சொல்லிப் பங்கு கேட்டானுங்கடா. உன்னை நான் துண்டு போட்டுக் கொடுப்பேனா?"

ஒரு சாயங்காலம் வெங்காயக்காரர் பழப்பையோடு வந்தார். முகத்தில் பேப்பர் படிக்கிற மனுஷர் திரும்பி வந்திருந்தார். "சங்கத்துல வருத்தம் தெரிவிச்சுத் தீர்மானம் போட்டிருக்கோம் அக்கா. கூட்டத்துல யார் கை யார் மேல பட்டுச்சுன்னே தெரியலை. யாரைன்னு சொல்றது…"

சுவரைப் பார்த்திருந்தவன் மெல்லத் திரும்பினான். "தெரியலையா?"

"தம்பி, நீங்க பேச வேணாம், தையல்…"

"எங்க அக்கா கையை ஒடிச்சவன் யாருன்னு சந்தையில ஒருத்தனுக்குமா தெரியலை? அத்தனை பேரும் கண்ணை மூடிக்கிட்டா அடிச்சீங்க? கம்பி யார் கையில இருந்துச்சுண்ணே?"

வெங்காயக்காரர் பழப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அறையில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. பின்னால் மறைந்துகொள்ள ஒரு வரிசை இல்லை.

"என் கையிலதான்" என்றார். "நான்தான் அடிச்சேன். அவனை அடிக்கத்தான் கொண்டுவந்தேன். நீங்க நகரலை. கோபத்துல… இல்ல, தெரிஞ்சுதான் அடிச்சேன்."

தம்பி கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலிலிருந்து பாய்ந்தான். வெங்காயக்காரரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. அவன் முழங்கை ரத்தம் அவர் சட்டையில் கோடு போட்டது. அவர் தடுக்கவில்லை. கண் பிதுங்கியது.

அவள் இடது கையை இருவருக்கும் நடுவே நுழைத்து, தம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள்.

"விடுடா."

"உன் கையை ஒடிச்சிருக்கான் அக்கா! ஒரு அடி, ஒரே ஒரு அடி…"

"அதுவும் கிடையாது."

"இவனுக்கும் குறுக்க நிப்பியா?"

"நிப்பேன். அடிச்சது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்டேஷன்ல சொல்லுவேன். அது என் வேலை. உன் கையை எடு."

தம்பி விரல் விரலாகக் கையை எடுத்தான். வெங்காயக்காரர் இருமிக்கொண்டே கதவைப் பார்த்து நகர்ந்தார்.

"நீங்க எங்க போறீங்க? போன் போடறேன், போலீஸ் வர்ற வரைக்கும் அப்படி உட்காருங்க" என்றாள். "இந்த ரூம்ல உங்க மேல ஒருத்தன் கை படாது."

அவர் உட்கார்ந்தார். அவள் ஒற்றைக் கையால் கதவைச் சாத்திவிட்டு, வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"படுடா," என்றாள் தம்பியிடம். "தையல் பிரியும்."