ஓடையைத் தாண்ட ஒரு கார்

எங்கள் வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு மணல் ஓடை இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் வந்தால் அதிகம். மணல் மட்டும் எல்லா நாளும் இருக்கும். அந்த ஓடையில்தான் ஆறு வருஷத்துக்கு முன் என் மொபெட் சறுக்கியது. முதுகெலும்பில் அடி. நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றோடு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். எங்கே கேட்டாலும் கூட்டிப்போவார். தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி ரோட்டோரம் நிற்கும் காரில் உட்கார வைப்பார், பெல்ட்டை அவரே மாட்டுவார், கடைக்காரரிடம் எனக்குப் பதில் அவரே பேசுவார். ஆனால் கேட்க வேண்டும். பாவாடை நாடா வாங்குவதற்கும் கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ள ஒரு கெட்டவன்கூட இல்லாத வீட்டில் அடைந்து கிடப்பதைப் போல எரிச்சல் வேறு கிடையாது.

ஒருநாள் ஃபோனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஒருவர், நாமே பூட்டிக்கொள்கிற கிட் கார் ஒன்றைப் பாகம் பாகமாக விற்கிறார். குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, சின்ன பெட்ரோல் இன்ஜின். சட்டத்தை நாலு பேர் கட்டில் மாதிரி தூக்கிப் பிடித்திருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்தால் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, காலே வேண்டாம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார் என்று நாலு சக்கரமும் இழுத்தால் மணலில் போகும். லேசாக இருந்தால் புதையாது. ஒரு நோட்டு முழுக்க நானே கணக்குப் போட்டேன். பேட்டரி, மோட்டார், நான் எல்லாம் சேர்த்து நானூற்று ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

என் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"கட்டிப்போடலாம் அம்முணி. ஆனா நீ பட்டறைக்கு வர வேண்டாம். நெருப்புப் பொறி, தூசி. நான் வீடியோ அனுப்பறேன்."

அங்கேதான் நான் தவறு செய்தேன். லாரி பாடி கட்டுகிறவர்களை அறியாதவளா நான்? பத்து டன் என்று எழுதிய வண்டியில் பதினைந்து ஏற்றுவார்கள் என்று தெரிந்தே கட்டுகிற கைகள் அவை. மெல்லிய குழாயைப் பார்த்தால் அந்தக் கைகளுக்கு உறக்கம் வராது. வீடியோவில் மோட்டார் சுற்றுவதைக் காட்டினார்கள், விளக்கு எரிவதைக் காட்டினார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. முன்னால் லாரிக்குப் போடுகிற மாதிரி ஒரு பம்பர். "அழகுக்குங்க்கா," என்றார் பட்டறை வெல்டர். சந்தோஷத்தில் அதையும் நம்பினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். தள்ளினால் ஓட்டம், இழுத்தால் பிரேக் என்று வைத்திருந்த கை லீவரை மெல்ல முன்னால் சாய்த்தேன். வண்டி சத்தமில்லாமல் மணலில் இறங்கியது.

பாதி ஓடையில் நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். நாலு சக்கரமும் ஒன்றுபோலச் சுற்றி ஒன்றுபோலக் குழி தோண்டின. பட்டறை ஆட்கள் எட்டு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. என் கணவர் கதவைத் திறந்து, வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தார்.

"என்னையத் தூக்காதீங்க. வண்டியத் தூக்குங்க."

"வெயில் அடிக்குது அம்முணி."

"அடிக்கட்டுங்க."

பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வரும்வரை அந்த மணலில் உட்கார்ந்திருந்தேன். எட்டு பேர் சுற்றி நின்றுகொண்டு என்னைப் பார்ப்பதும் வேறெங்கோ பார்ப்பதுமாக இருந்தார்கள். அழக் கூடாது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழத்தான் செய்தேன்.

மறுநாள் வண்டியை லாரியில் ஏற்றச் சொல்லி எடைமேடைக்குப் போனோம். லாரியின் எடையைக் கழித்து, நான் ஏறாமலேயே எழுநூற்றுப் பத்து கிலோ. வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணன் சொன்னாருங்க, அடியில தகடு போடச் சொல்லி. பேட்டரிக்குக் கீழ இரும்பு ஆங்கிள் நான் போட்டதுங்க. நம்ம பட்டறை வண்டி எதுவும் ஒடைஞ்சதில்லீங்க்கா."

நான் கணவரைப் பார்த்தேன்.

"எவனாச்சும் வந்து இடிச்சுப்போட்டா?" என்றார். "இன்னொருக்கா உன்னைய அந்த ஆஸ்பத்திரியில பாக்க என்னால முடியாது."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்தப் பம்பரைக் கழற்றி அவர் தலையில் போடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். கட்டர் ஓட ஓட, எதை வெட்டுவது என்று நானே கை காட்டினேன். தகடு போயிற்று, ஆங்கிள் போயிற்று, பம்பர் போயிற்று. கதவோரத்தில் அவர் கூடுதலாக வைத்திருந்த குழாயை மட்டும் விட்டுவைத்தேன். அதை வெட்டச் சொல்லப் போனபோது அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்க அலைந்தது தனிக் கதை. எல்லாம் முடிந்து ஒரு புதன்கிழமை காலை, நாற்காலியிலிருந்து பலகை போட்டு நானே சீட்டுக்கு நகர்ந்தேன். பெல்ட்டை நானே மாட்டினேன். "போயிட்டு வாரேனுங்க" என்றேன். மணல் கொஞ்சம் இழுத்தது, அப்புறம் விட்டது. தார் ரோட்டில் ஏறியபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பைக்கில் அவர்.

ஓரம் கட்டினேன். அவரும் ஓரம் கட்டினார். அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார்ஜ் எறங்கிருச்சா?"

"இல்லீங்க. நீங்க எங்க கெளம்பினீங்க?"

"சும்மா. முக்குல ஒரு டீ குடிக்கலாம்னு."

"இப்பத்தான் ஊட்டுல குடிச்சீங்க."

பெட்ரோல் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாலதான வாரேன். உனக்கென்ன தொந்தரவு?"

"நீங்க பின்னால வந்தா அது நான் போறதில்லீங்க. நீங்க கூட்டிட்டுப் போறது."

அவர் பைக்கைத் திருப்பினார். ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரோடு காலியாக இருந்தது. இடது பக்கம் போனால் திருச்செங்கோடு, வலது பக்கம் போனால் நாமக்கல். ஆறு வருஷமாக ஓடையைத் தாண்டுவதை மட்டும்தான் நினைத்திருக்கிறேன். தாண்டிய பிறகு எங்கே போவது என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. நினைக்க வேண்டும் என்று உறைத்தபோது, எந்தப் பக்கம் போகட்டும் என்று அவரைக் கேட்பதற்காக என் கை ஃபோனை எடுத்துவிட்டிருந்தது.