அம்மாவின் பல்

இன்று என் பழைய என்லார்ஜர் எரிந்தது. பயப்படாதீர்கள், அதன் விளக்குதான் எரிந்தது!

நெகட்டிவில் உள்ள படத்தைத் தாளில் பெரிதாக்கும் கருவி அது. வெடித்துப்போன வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, புது வயரும் சுவிட்சும் நானே மாட்டினேன்.

உடன் வேலை செய்யும் மேரி அக்கா செபராங் ஜெயாவிலிருந்து ஒரு நெகட்டிவ் கொண்டுவந்தார். யாருடைய கல்யாணமோ. கடைசி வரிசையில் அவருடைய அம்மா. அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தவர். வேறு படமே கிடையாது.

குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கைப் போட்டேன். அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தாளில் பதித்து, மருந்துத் தண்ணீரில் போட்டேன்.

வெள்ளைத் தாளில் முதலில் புருவம் வந்தது. பிறகு கண்கள். பிறகு சிரிப்பு. நாங்கள் இருவரும் தட்டின் மேல் குனிந்தோம்.

"ஐயோ, அந்தப் பல்லப் பாரு லா!" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லுக்கு நடுவுல எனக்கு இருக்கிற அதே கேப்! யார்கிட்டருந்து வந்துச்சுன்னு இவ்ளோ நாளு தெரியாதும்மா."

ஈரப் படத்தைக் கொடியில் மாட்டிவிட்டு, இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சற்றுமுன் அக்காவிடமிருந்து மெசேஜ்: "கேப்ப மூட கிளிப் வேணாம்னு பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

பாவம், டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அம்மாவிடமிருந்து வந்தது என்ன? பல்லா, மூக்கா, கோபமா?