அமைதியாக என்று எழுத மாட்டேன்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பலரின் வீட்டு நினைவு மலர்களை எழுதித் தந்தவர் எங்கள் அக்கா. அவருடையதை எழுத அவரின் தங்கை நான் மிஞ்சியிருக்கிறேன்.

அக்கா தண்ணீரூற்றில் பிறந்து கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடக் காலத்திலேயே கதை எழுதத் தொடங்கியவர். கிளிநொச்சியை விட்டு ஓடிய அன்று செல் குண்டு விழுந்து அத்தான் இறந்தார். கைக்குழந்தையோடு துணுக்காய்க்கு வந்த அக்கா, ஓலைக் கொட்டிலில் இருந்து அத்தானின் நினைவு மலரை எழுதினார். 'அன்பான கணவர், பண்பாளர்' என்று நான் எழுதிக் கொடுத்ததை ஒரே கோடாக வெட்டினார்.

“எடியே, இது ஊரில உள்ள எல்லா ஆம்பிளையளுக்கும் பொருந்தும். அவர் என்ன செய்தவர் எண்டு எழுது.”

பிறகு தானே எழுதினார்: 'கறியில் உப்புக் கூடினால் ஒன்றும் சொல்லமாட்டார், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைவார்.' அந்த வரியை வாசித்தபோதுதான் அத்தானின் தாயார் வாய்விட்டு அழுதார்.

அதன்பின் கொட்டில் கொட்டிலாக அக்காவைக் கூப்பிட்டார்கள். செத்த வீடுகளுக்கா குறைச்சல்! கதை எழுதுகிற இளம் பிள்ளைகளும் தேடி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம்தான்.

“எழுதினதை வாய்விட்டு வாசியுங்கோ, நாக்குத் தடக்கிற இடத்தை வெட்டுங்கோ. ஆக்களை அழவைக்க எண்டு போட்ட சொல்லை முதல் எடுங்கோ. எழுதக் கூசுற இடத்தைச் சுத்திப் போகாதேங்கோ, சொல்ல வேண்டினது அங்கதான் கிடக்கு.”

வளவளவென்று எழுதி வந்தால், “கடதாசி என்ன உன்ரை அப்பன்ரை தோட்டத்திலயே விளையுது?” என்று ஏசுவார். எனக்கும் அந்த ஏச்சு நிறையக் கிடைத்தது.

இந்தக் கட்டுரையை வாசித்த சித்தப்பா கடைசிப் பகுதியில் விரலை வைத்தார். “பிள்ளை, இதை எழுதாமல் விடு. 'நோயுற்று அமைதியாக இறைவனடி சேர்ந்தார்' எண்டு போடு. சனம் என்ன கதைக்கும்? அக்காவின்ரை பிள்ளையும் நாளைக்கு வாசிக்கும்.”

அவள் வாசிப்பாள் என்பதற்காகவே எழுதுகிறேன், சித்தப்பா. கோபிக்க வேண்டாம்.

அக்காவுக்கு வந்தது மலேரியா. ஆஸ்பத்திரியில் குளிசை முடிந்திருந்தது. வன்னிக்குள் மருந்து வரத் தடை. பிள்ளையை அயலில் விட்டுவிட்டு, அக்காவை இன்னோர் ஆஸ்பத்திரிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுபோனோம். வழியில் வலிப்பு வந்தது. பல்லைக் கடித்தார், என் கையைக் கீறினார், வழியிலேயே உயிர் போனது. அதில் எங்கே அமைதி?

உழவு மெசினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் தந்த அயலவர்களுக்கும், உழவு இயந்திரம் ஓட்டிய தம்பிக்கும், குளிசை இல்லையென்று சொல்லித் தானும் அழுத தாதிக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த துணுக்காய்ச் சனத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மகளே, நீ எழுத்துக் கூட்டி இதை வாசிக்கும்போது சின்னம்மா சொல்வதைக் கேள். அம்மா உன்னை விட்டுவிட்டுப் போனா என்று யார் சொன்னாலும் நம்பாதே. வலிப்பு விட்ட நேரமெல்லாம், “மெசினைத் திருப்புங்கோ, பிள்ளை தேடும்” என்றுதான் கத்தினார். நாங்கள்தான் திருப்பவில்லை.