புனலூர் வெப்புக்காரி

சிற்றாற்றுப் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. எனக்கு முதுகு காட்டி நின்றிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குத்தாலத்துல அண்ணாச்சி வைப்பு ஒண்ணு கொண்டாந்து வச்சிருக்காகளாம். மலையாளத்துக்காரி. முடி முட்டங்கால் வரைக்கும் கெடக்காம்" என்றாள் ஒருத்தி.

மற்றவள் தற்செயலாகத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று குனிந்து குடத்தைத் தண்ணீருக்குள் முக்கினாள். எந்த அண்ணாச்சி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு பெரிய வீட்டை எடுத்து, அருவிக்குக் குளிக்க வருகிறவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடும் போடுவார். அந்த மாதங்களில் அவருக்கு அங்கேதான் ஜாகை. தென்காசிக்கு எப்போதாவது வந்து, கார் நெல் நடவு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். நான் குழந்தையோடும் மாமியாரோடும் ஊரில் இருந்தேன். இப்படி ஒருத்தி வந்திருப்பதாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த விஷயத்துக்குப் பல சொற்கள் உண்டு. கூத்தியாள் என்றால் அடிதடி வரும். தொடுப்பு என்றால் குசுகுசுவென்று பேசுவார்கள். வைப்பு என்றால் மட்டும் ஆண்களின் குரலில் ஒரு மரியாதை ஏறிவிடும். வயலும் வில்வண்டியும் மாதிரி அதுவும் வசதிப்பட்டவனுக்கு உள்ளது என்பதுபோலப் பேசுவார்கள். பெண்டாட்டிக்காரி அந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

அன்று மத்தியானம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவினேன். பிள்ளை பெற்றபின் என் முடி கொட்டிப்போய் எலிவால் போல இருந்தது. அதுவரை அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. முழங்கால் வரை கிடக்கும் ஒரு பின்னலை நானே கற்பனை செய்துகொண்டு, அதைக் கையில் சுற்றி இழுப்பதுபோலச் சீப்பை இழுத்தேன். தலை வலித்தது. மறுநாள் காலை, பிள்ளையாருக்குத் தேங்காய் போட வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டி கட்டச் சொன்னேன்.

வழியெல்லாம் சாரல். குற்றாலத்து வீட்டின் முன்வாசலில் ஆண்களின் பேச்சுச் சத்தம் கேட்டதால் கொல்லைப்புறமாகப் போனேன். அடுப்படியில் அவள் நின்றிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வெள்ளை முண்டு, ஈரம் உலர்வதற்காக நுனியில் முடிச்சிட்ட கூந்தல். படித்துறைக்காரிகள் பொய் சொல்லவில்லை. முழங்காலைத் தொட்டுக்கொண்டுதான் கிடந்தது.

"நீ யாரு?" என்றேன்.

அவள் கூசாமல் சிரித்தாள். "ஞான் இவிடத்தெ வெப்புக்காரியா" என்றாள்.

என் காதில் வைப்பு என்றுதான் விழுந்தது. இப்படிப் பெருமையாக, நெற்றியில் அடித்தாற்போலச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் அவள் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து, "அய்யோ, குட்டி நனஞ்ஞல்லோ!" என்று கையை நீட்டினாள். குட்டி என்பதும் எங்கள் ஊரில் ஆண்கள் கண்ணடித்துச் சொல்லும் வார்த்தை. என் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் அவள் ஒரு உலர்ந்த துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டாள். குழந்தையும் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

"என்னமோ சொன்னியே, இன்னொருக்கச் சொல்லு" என்றேன்.

"வெப்பு" என்று அகப்பையைத் தூக்கிக் காட்டினாள். "சோறு, கறி, புளிசேரி. ஞான் வெப்பு."

அவள் ஊரில் வெப்பு என்றால் சமையல், குட்டி என்றால் குழந்தை. அந்த வருஷம் கொல்லத்திலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களுக்காக என் கணவர் புனலூரிலிருந்து ஒரு சமையல்காரியை வரவழைத்திருந்தார். விஷயம் அவ்வளவுதான். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பாரம் இறங்கியிருக்க வேண்டும். முக்கால்வாசிதான் இறங்கியது. அந்தக் கூந்தலும், என் பிள்ளையைத் துவட்டிய கையும், அந்த அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன.

அப்போது முன்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. வருஷா வருஷம் வந்து தங்கும் ஆலங்குளத்து ஜவுளிக்காரர். "மாப்ளே, வைப்பு இன்னைக்கி நமக்கு என்ன வச்சிருக்கு? நீரு மட்டும் ருசி பாத்தாப் போதுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புகளுக்கு நடுவே என் கணவரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. வீட்டில் ஒருநாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அவளும் சிரித்தாள். தன் கைப்பக்குவத்தைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து, "இப்பம் வராம்" என்று, இதோ வருகிறேன் என்பதாகப் பதில் குரல் கொடுத்தாள். வெளியே சிரிப்பு இரட்டிப்பானது.

நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். பாதி பேச்சும் பாதி சைகையுமாகச் சொல்லி முடித்தபோது அவள் முகம் சாம்பலாகிவிட்டது. வந்த நாளிலிருந்து தினமும் இதே கேள்வி, இதே பதில். அருவிக்கரையில்கூட நீதான் வைப்பா என்று யார் யாரோ கேட்டிருக்கிறார்கள், இவளும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறாள்.

"முதலாளிக்கு அறியாமோ?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கும் அது முழுசாகப் புரிந்தது. அவர் அவளைத் தொடவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தொட்டதாக நாலு பேர் நினைப்பதை மறுக்காமல் இருந்து ருசித்திருக்கிறார்.

அவள் அழவில்லை. முண்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவிடத்தெ பெண்ணுங்ஙள் திரிச்சு எந்து பறயும்?" என்றாள். திருப்பி என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்? என் போன்றவர்கள் எதுவும் சொல்ல மாட்டோம். ஆனால் எங்கள் வயலில் நடவு நடும் பெண்கள் சொல்வார்கள். வரப்பில் எந்த ஆண் நடந்தாலும் விடமாட்டார்கள். உரல், உலக்கை, ஏர், கொழு, எதை எடுத்தாலும் அவர்கள் வாயில் அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும். நான் கஞ்சிப் பானையோடு நின்று, காதில் விழாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அந்த முறையில் நானே ஒன்றைக் கட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பந்தியில் இலை போட்டாயிற்று. நான் கதவிடுக்கில் நின்றேன். ஜவுளிக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். அவள் குழம்பு வாளியோடு அவர் இலைக்கு நேரே நின்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி வீட்டுல வெறகு நமத்துப்போச்சாமே. அக்கா ஊதி ஊதி வாய்தான் வலிக்காம், பத்தவே மாட்டேங்குதாம். அதான் நீங்க அடுத்த வீட்டு அடுப்பையே கேட்டுக்கிட்டுத் திரியுதீயளோ?"

யாரோ ஒருவருக்குப் புரையேறியது. பந்தியே குலுங்கியது. ஜவுளிக்காரர் கழுத்து வரை சிவந்து, தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். அன்று அவர் மோருக்குக்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வைப்பு என்ற சொல் எழவில்லை.

சாயங்காலம் என்னை ஊருக்குக் கொண்டுவிட என் கணவரும் வண்டியில் வந்தார். நான் வந்ததற்குக் காரணம் கேட்கவில்லை. புலியருவித் திருப்பம் தாண்டியதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"என்னா வாயி அவளுக்கு! அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே. நம்ம பொம்பளையளுக்கு இப்படிப் பேச வராது."

என் நெஞ்சில் மிளகாய் அரைத்தது போலிருந்தது. அந்தப் பேச்சு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சிரித்திருக்க மாட்டார். இதெல்லாம் உனக்கு எங்கிருந்து தெரியும் என்றுதான் கேட்டிருப்பார்.

"இத்தன நாளா அவுக அவளப் பேசும்போது நீங்க ஏன் சும்மா இருந்தீய?" என்று மட்டும் கேட்டேன்.

"சும்மா பேச்சுதானட்டி. ஆம்பளைக கூடுனா நாலு பேசத்தான் செய்வாக."

"ஊருக்குள்ள எனக்கு அது பேச்சா இல்ல."

அவர் மாட்டை விரட்டச் சொல்லி வண்டிக்காரரை அதட்டினார்.

சாரல் முடிந்ததும் அவள் செங்கோட்டை வழியாக ரயிலேறிப் போய்விட்டாள். போவதற்கு முன் தென்காசிக்கு வந்து என் குழந்தைக்குக் கண்மை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பேச்சை யார் கட்டியது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நான் பிடிவாதம் பிடித்துக் குற்றாலத்துக்கு வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்டேன். அதே ஜவுளிக்காரர், அதே கூட்டம். முன்கட்டில் பேச்சு அமளிப்படும். நான் வாளியோடு போய் நின்றால் பொட்டென்று அடங்கிவிடும். "தங்கச்சி, கொஞ்சம் ரசம் விடுங்கம்மா" என்பார்கள், கண்ணை இலையிலேயே வைத்துக்கொண்டு. நான் உள்ளே திரும்பியதும் மறுபடி சிரிப்பு எழும். என்னிடம் நல்ல நல்ல பதில்கள் இருந்தன. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.